நியூ ஃபாரஸ்ட்டில் இலையுதிர் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்பகுதியில், நியூ ஃபாரஸ்ட் காட்டை ஒட்டிய கிராமம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். செப்டம்பர் பிறந்ததும் லண்டனிலிருந்தும் பர்மிங்காமிலிருந்தும் தெரிந்தவர்கள் அழைக்கத் தொடங்குவார்கள். அக்டோபர் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்பார்கள். வருவதற்கு முன் அவர்கள் கேட்டவற்றையும், பார்த்துவிட்டுப் போனபின் குழப்பத்தோடு கேட்டவற்றையும் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தைப் பூங்கா என்று நினைத்து வராதீர்கள். இது ஊராரின் மந்தைவெளி. அந்த நினைப்போடு வந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

நியூ ஃபாரஸ்ட் என்றால் புதிதாக நட்டு வளர்த்த காடா?

பெயரில் மட்டும்தான் புதுமை. நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம், 1079இல் தன் மான் வேட்டைக்காக இந்த நிலத்தை ஒதுக்கிக்கொண்டார். அன்றைய வழக்கில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரம் அடர்ந்த இடம் என்று பொருள் இல்லை. அரசரின் வேட்டைச் சட்டம் செல்லும் எல்லை என்று பொருள். அதனால்தான் காட்டைப் பார்க்க வருபவர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் புதர் மண்டிய வெட்டவெளியைக் கண்டு திகைக்கிறார்கள். ஹெதர் புதர்வெளி, சதுப்பு, குதிரைகள் மேய்ந்து மேய்ந்து பாய் விரித்தாற்போல் ஆன புல்தரை, ஓக், பீச் மரங்கள் நிற்கும் பழங்காடு எல்லாம் சேர்ந்ததுதான் நியூ ஃபாரஸ்ட்.

பெரும்பகுதி ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. 2005இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 566 சதுர கிலோமீட்டர். லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் புரோக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தில் இறங்கலாம். கார் இல்லாதவர்களும் தாராளமாக வரலாம். நிலையத்தைவிட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தாலே குதிரைகள் எதிர்ப்படும்.

எந்த வாரத்தில் வந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம்?

இலையுதிர் காலம் என்று இங்கே கணக்கிடுவது செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை. நம் கணக்கில் ஆவணி நடுவிலிருந்து கார்த்திகை நடு வரை. ஒரே பயணத்தில் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு அக்டோபர் இரண்டாம் பாதியைத்தான் சொல்வேன். அப்போது பன்றிகள் காட்டில் இருக்கும், மான்கள் கத்திக்கொண்டிருக்கும், பீச் இலைகள் செம்பு நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும், காளான்களும் கிளம்பியிருக்கும். நிறம் மட்டும்தான் வேண்டும் என்றால் நவம்பர் முதல் வாரம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பார்கள். அதன்பின் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால், போய்ச் சேரும்போது பார்ப்பதற்கு வெளிச்சம் இருக்காது. விடியற்காலையில் வாருங்கள்.

இலை ஏன் சிவக்கிறது? ஒரு வருடம் பார்த்த நிறம் அடுத்த வருடம் இல்லையே?

பகல் குறையக் குறைய மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருந்த சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அது கடைசி நாட்களில் இலை புதிதாக உண்டாக்கிக்கொள்வது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் மாறிமாறி வந்தால் சிவப்பு அள்ளும். தொடர்மழையும் காற்றும் பிடித்துக்கொண்டால் நிறம் ஏறுமுன்னே இலை தரைக்கு வந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவது இதனால்தான்.

சாலையில் குதிரைகள் தனியாகத் திரிகின்றனவே, இவை காட்டுக் குதிரைகளா?

இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. இந்த மட்டக்குதிரைகள் சுமார் 5,000 இருக்கின்றன. உடலில் உரிமையாளரின் சூட்டுக்குறியைக் காணலாம். உரிமையாளர்களை இங்கே காமனர்கள் என்பார்கள். காட்டில் கால்நடை மேய்க்கும் உரிமை இவர்களின் வீட்டோடும் நிலத்தோடும் வழிவழியாக வருவது. ஆண்டுதோறும் ஒவ்வொரு விலங்குக்கும் கட்டணம் செலுத்தித்தான் வெளியே விடுகிறார்கள். மாடுகள், கழுதைகள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

வேட்டைக்காக அரசர் நிலத்தை ஒதுக்கியபோது, மான்களின் போக்குவரத்துக்குத் தடை என்று குடியானவர்கள் வேலி போட விடவில்லை. வேலியில்லாத காட்டில் அவர்கள் கால்நடையை மேயவிடும் வழக்கமோ நிலைத்துவிட்டது. இன்று நாம் காணும் காட்டின் தோற்றத்தை உருவாக்கியதில் இந்த வாய்களுக்குத்தான் முதல் பங்கு. முட்புதரின் தளிரைக்கூட இவை கடித்துவிடுவதால் புல்தரை புல்தரையாகவே நீடிக்கிறது. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் வெட்டவெளியைப் புதரும் மரமும் மூடிவிடும்.

சில குதிரைகளின் வாலை ஏன் கோணலாக வெட்டியிருக்கிறார்கள்?

அது ரசீது. கால்நடைகளை மேற்பார்க்கும் அலுவலர்களுக்கு அஜிஸ்டர் என்று பெயர். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வெட்டு முறை. அந்த ஆண்டுக்கான கட்டணம் செலுத்தப்பட்டது என்பதையும், குதிரை எந்த அஜிஸ்டரின் பகுதியைச் சேர்ந்தது என்பதையும் வால் முடியின் வெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். முடியை மட்டும்தான் வெட்டுகிறார்கள். குதிரைக்கு வலி இல்லை.

பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிடுகிறார்களாமே, உண்மையா? எதற்கு?

உண்மைதான். என்னைக் கேட்டால், இந்தப் பருவத்தில் இங்கே பார்க்க வேண்டிய முதல் காட்சியே அதுதான். இதற்குப் பன்னேஜ் என்று பெயர். இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் கொட்டைகளைக் கொட்டித் தீர்க்கும். அந்தக் கொட்டையில், அதிலும் பச்சையாக விழுந்ததில், டானின் என்ற துவர்ப்பு நஞ்சு அதிகம். குதிரையும் மாடும் அதை அளவுக்கு மீறித் தின்றால் சிறுநீரகமும் குடலும் கெட்டு இறந்துபோகும். பன்றிக்கோ அது விருந்து. ஆகவே பன்றிகளை முன்னே விட்டுத் தரையைத் துப்புரவாக்குகிறார்கள். குதிரை பிழைக்கிறது, பன்றி கொழுக்கிறது, உரிமையாளருக்குத் தீவனச் செலவு மிச்சம்.

பருவம் பெரும்பாலும் செப்டம்பர் நடுவில் தொடங்கும். எந்த நாளில் தொடங்குவது என்பதை அந்த ஆண்டு கொட்டை விழும் வேகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். குறைந்தது 60 நாட்கள் விட வேண்டும் என்பது விதி. கொட்டை ஏராளமாக விழுந்த ஆண்டுகளில் நீட்டிப்பதும் உண்டு. ஆண்டைப் பொறுத்துச் சில நூறு பன்றிகள் வெளியே வரும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காமனர். அவருடைய பன்றிகளோடு ஒரு காலைப் பொழுது நின்றிருக்கிறேன். செம்பட்டை நிறத்தில் இரண்டு, கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை கட்டியது ஒன்று. மூக்கை இலைச்சருகுக்குள் செருகிக்கொண்டு, தலையை உயர்த்தாமலே நடக்கின்றன. கொட்டை கிடைத்ததும் ஒரு கணம் நிற்கும்; 'நறுக்' என்று ஒரு சத்தம்; ஓட்டுத் துண்டுகள் வாயோரமாக வழிந்து விழும். அடுத்த 'நறுக்'. மூன்றும் சேர்ந்து தின்னும்போது, நல்ல மழைக்கு முன் ஓட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விழுமே, அப்படிக் கேட்கிறது. மாலையில் அவர் தகர வாளியைத் தட்டினால், எங்கிருந்தாலும் காதுகள் படபடக்க ஓடிவந்துவிடும்.

பன்றியின் மூக்கில் வளையம் போட்டிருப்பது கொடுமை இல்லையா?

என் மகளும் இதைத்தான் கேட்டாள். வளையம் போடும்போது வலி உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். வளையம் இல்லாத பன்றி சில நாட்களிலேயே புல்தரையைக் கலப்பை ஓட்டியதுபோல் புரட்டிவிடும். அந்தப் புல்லை நம்பிக் குதிரைகள் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். வளையம் இருந்தால் சருகைக் கிளறலாம், மண்ணை ஆழமாகத் தோண்ட முடியாது. இதை ஏற்க மனமில்லாதவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களுடைய மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் அடைத்து வைத்து வளர்க்கும் பன்றியையும், இரண்டு மாதம் மரத்தடியில் திரியும் இந்தப் பன்றியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் நான் இதன் பக்கம்தான் நிற்கிறேன்.

கொட்டையையெல்லாம் பன்றியே தின்றுவிட்டால் புதிய ஓக் மரம் எப்படி முளைக்கும்?

நல்ல கேள்வி. விடை ஒரு பறவையிடம் இருக்கிறது. ஜே என்பது காக்கை இனத்தைச் சேர்ந்தது; வெளிர் சிவப்பு உடல், இறக்கையில் நீலக் கட்டம் போட்ட ஒரு சிறு திட்டு. குளிர்காலத்துக்குச் சேமிப்பாக ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான ஓக் கொட்டைகளைத் தொண்டையில் அடைத்துக் கொண்டுபோய், தாய் மரத்தைவிட்டுத் தொலைவில் ஒவ்வொன்றாக மண்ணில் புதைக்கும். இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் கெட்டிதான், ஆனாலும் சில விட்டுப்போகும். அவைதான் வசந்தத்தில் முளைக்கின்றன. சாம்பல் அணிலும் புதைக்கிறது; அது வட அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. ஜே இந்த மண்ணின் பறவை.

ஓக் மரங்களுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சில ஆண்டுகள் கஞ்சத்தனமாகக் காய்த்துவிட்டு, ஏதோ ஓர் ஆண்டில் வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். எத்தனை வாய்கள் வந்தாலும் அந்த ஆண்டு மிச்சம் இருக்கும். முளைத்தபின் வரும் ஆபத்துதான் பெரிது. மானும் குதிரையும் கன்றைக் கடித்துவிடும். முட்புதரின் நடுவே முளைத்தது மட்டும் தப்பிக்கும். ஹாலிப் புதருக்குள் ஓர் இளம் ஓக் தலைநீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

குழந்தை ஆசைப்படுகிறாள் அக்கா, குதிரைக்கு ஒரே ஒரு காரட் கொடுக்கலாமா?

கூடாது. தொடவும் கூடாது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாவட்ட மன்றத்தின் உத்தரவு, இங்கே குதிரைக்கும் கழுதைக்கும் தீனி கொடுப்பதையும் அவற்றைத் தடவுவதையும் அபராதத்துக்குரிய குற்றமாக்கியது.

காரணம் சட்டத்தைவிடப் பெரியது. ஒருமுறை காரிலிருந்து தின்பண்டம் கிடைத்த குதிரை, அடுத்த நாள் முதல் சாலையோரத்தில் காருக்காகக் காத்து நிற்கும். அப்படி நிற்கும் குதிரைதான் இரவில் அடிபடும். இல்லையென்றால் தின்பண்டம் தராத குழந்தையைக் கடிக்கும், உதைக்கும். பலரைக் கடித்துப் பழகிய குதிரையை உரிமையாளர் காட்டைவிட்டே எடுத்துவிட வேண்டிவரும். ஒரு காரட்டுக்கு அது கொடுக்கும் விலை இதுதான். நாலைந்து கார் நீளம் தள்ளி நின்று பாருங்கள். புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் அங்கேயே கேட்கும்.

மான்கள் சண்டை போடுவதை எங்கே பார்க்கலாம்?

இங்கே ஐந்து வகை மான்கள் உண்டு; எளிதில் கண்ணில் படுவது ஃபேலோ மான். கோடையில் நம் புள்ளிமானைப் போலவே இருக்கும். குளிர்காலத்தில் புள்ளி மங்கிப் பழுப்பாகிவிடும். ஆண் மானான கலையின் கொம்பு விரித்த உள்ளங்கை போலத் தட்டையாக இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். நார்மன்கள் காலத்தில் வேட்டைக்காகப் பெருக்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் இவை. போல்டர்வுட்டில் பார்வையாளர் மேடை இருக்கிறது. முதன்முறை வருபவர்கள் அங்கே போகலாம்.

அக்டோபர் இவற்றின் இணைசேரும் பருவம். கலை தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, குளம்பால் தரையைக் கீறி, அதில் சிறுநீர் கழித்து, நாள்முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். சிவப்பு மான் உறுமும். ஃபேலோவின் சத்தம் குறட்டைக்கும் ஏப்பத்துக்கும் நடுவில் இருக்கும். முதன்முறை பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்டபோது பக்கத்தில் ஏதோ பழுதான இயந்திரம் ஓடுகிறது என்றே நினைத்தேன். அந்த வாரங்களில் கலை சரியாகத் தின்பதில்லை, எடை வெகுவாகக் குறைந்துவிடும். ஒத்த பலமுள்ள இரண்டு சந்தித்தால் முதலில் அருகருகே இணையாக நடந்து ஒன்றையொன்று அளந்து பார்க்கும். பெரும்பாலும் அதிலேயே ஒன்று விலகிவிடும். விலகாதபோதுதான் கொம்பு மோதும்.

குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கலைக்கும் பெண் மான்களான பிணைகளுக்கும் நடுவில் போகாதீர்கள். நாய் இருந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டுமென்று புதருக்குள் ஊர்ந்து போனவர்களால் கலை தன் இடத்தைவிட்டு ஓடியதை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆண்டில் கிடைப்பதே அந்தச் சில வாரங்கள்.

எல்லா மான்களுக்கும் அக்டோபர்தான் பருவமா?

இல்லை. ரோ மானை எடுத்துக்கொள்ளுங்கள். சிறியது, பின்புறம் வெள்ளையாக இருக்கும். இது ஜூலை, ஆகஸ்டிலேயே இணைசேர்ந்துவிடும். ஆனால் கரு உடனே வளர்வதில்லை. இலையுதிர் காலம் முழுவதும் வளராமல் காத்திருந்து, ஆண்டின் கடைசியில்தான் கருப்பையில் பதிந்து வளரத் தொடங்கும். மே, ஜூனில் தளிர் நிறைந்திருக்கும்போது குட்டி பிறக்கும். அக்டோபரில் நீங்கள் பார்க்கும் ரோ பிணை, வயிற்றில் ஓர் ஊசிமுனை அளவு கருவைச் சுமந்தபடிதான் நடக்கிறது. இங்கே சுற்றித் திரியும் முன்ட்ஜாக் ஆசியாவிலிருந்து வந்த சிறு மான். அதற்குப் பருவமே கிடையாது, ஆண்டு முழுவதும் குட்டி போடும்.

மரத்தடியில் அவ்வளவு காளான் இருக்கிறதே, பறித்துச் சமைக்கலாமா?

வேண்டாம். முதல் காரணம் உயிர். இங்கே ஓக், பீச் அடியில் டெத் கேப் என்ற காளான் முளைக்கிறது. இளம் பச்சை சாயலில், பார்வைக்குச் சாதுவாக இருக்கும். தின்றவருக்குப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வந்து, தணிந்து, சரியாகிவிட்டது என்று நம்பவைக்கும். அதற்குள் கல்லீரல் அழியத் தொடங்கியிருக்கும். ஊரில் மழைக்குப் பின் காளான் பறித்துத் தின்று வளர்ந்தவர்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். ஊரில் கற்ற அடையாளம் இந்த மண்ணின் காளானுக்குப் பொருந்தாது. தப்பித்தவறித் தின்றுவிட்டால் உடல் தேறியதுபோல் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது, காட்டைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து அமைப்பு இங்கே காளானைப் பறிக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. பூச்சிகளும் மான்களும் இவற்றைத் தின்கின்றன. விழுந்த மரத்தை மண்ணாக்குவதும் இவைதான். பெர்ச் மரத்தடியில் வெள்ளைப் புள்ளியிட்ட செந்நிறக் குடைகளைக் காண்பீர்கள். அதுவும் நஞ்சுதான். குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாக்பெர்ரி பறித்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழம் மட்டும் பறிக்கலாமா?

தாராளமாக. தானாக வளர்ந்த செடியின் பழத்தைச் சொந்தத் தேவைக்குப் பறிப்பது, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி திருட்டு ஆகாது. விற்பதற்காகப் பறித்தால்தான் குற்றம். இடுப்புக்கு மேல் உள்ளதைப் பறியுங்கள், ஒரே புதரை மொட்டையடிக்காதீர்கள். செப்டம்பர் முடிவதற்குள் பறித்துவிடுவது நல்லது. செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாள். அன்று வானுலகிலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் இந்த முட்புதரில் வந்து விழுந்தான், ஆத்திரத்தில் பழத்தின்மேல் துப்பினான் என்று இங்குள்ள முதியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பின் பழம் நீர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும் என்பது என்னவோ உண்மை.

தரையில் பளபளவென்று கிடந்த கொட்டைகளைப் பை நிறைய எடுத்துவந்தோம். இது சுட்டுச் சாப்பிடும் செஸ்ட்நட்தானே?

சாப்பிடுவதற்கு முன் தோலைப் பாருங்கள். சாப்பிடக்கூடிய செஸ்ட்நட்டின் மேல்தோல் முழுக்க நெருக்கமான மெல்லிய முட்கள், கையில் எடுக்கவே முடியாது. உள்ளே இரண்டு மூன்று கொட்டைகள், நுனியில் சிறு குடுமி. இலை நீளமாக ரம்பப்பல்லோடு ஒற்றையாக இருக்கும். மேல்தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள், உள்ளே குடுமியில்லாத உருண்டைக் கொட்டை, கைவிரல்போல் பிரிந்த இலை என்றால் அது குதிரைச் செஸ்ட்நட், நஞ்சு. பிள்ளைகள் அதில் துளையிட்டுக் கயிறு கோத்து, ஒருவர் கொட்டையை மற்றவர் கொட்டையால் அடித்து உடைக்கும் கான்கர்ஸ் விளையாட்டு விளையாடுவார்கள். எடுத்துவந்ததை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் வந்ததும் பறவைகளெல்லாம் போய்விடுமா?

போவதும் உண்டு, வருவதும் உண்டு. செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு காலையில் கம்பி வெறுமையாக இருக்கும். அவை தென்னாப்பிரிக்கா வரை போகின்றன. அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் ரெட்விங் என்ற பாடும் பறவைகள் வந்து இறங்கும். தெளிந்த இரவில் வெளியே நின்றால் இருட்டில் உயரத்திலிருந்து 'ட்ஸீ' என்று மெல்லிய இழுப்பு கேட்கும். கடலைத் தாண்டி அப்போதுதான் வந்திருக்கும். ஹாலி, ஹாத்தார்ன் பழங்களை நம்பி வருகின்றன.

ராபின் எங்கும் போகாது. மற்றப் பறவைகள் வாயடைத்துப்போன இந்தப் பருவத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி இடத்தைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாகப் பாடும்.

நாங்கள் தங்கிய வீட்டருகே இரவு முழுவதும் ஆந்தை அலறியது. அம்மா பயந்துவிட்டார். ஏதாவது கெட்டதா?

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அது ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை. வசந்தத்தில் பிறந்த டானி ஆந்தைக் குஞ்சுகளைப் பெற்றோர் இந்தப் பருவத்தில்தான் தங்கள் எல்லையிலிருந்து வெளியேற்றும். இளையவை இடம் தேடும். மூத்தவை இது எங்கள் மரம் என்று அறிவிக்கும். 'கீவிக்' என்ற கூர்மையான குரல் பெரும்பாலும் பெண்ணுடையது, நடுங்கி இழுக்கும் 'ஹூ' ஆணுடையது. இரண்டும் மாறிமாறிக் கேட்டால் ஒரு ஜோடி தன் காட்டில் நிலையாக இருக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டுப் பின்புறம் அந்தச் சத்தம் கேட்காத அக்டோபர் வந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

பகலில் தோட்டத்தில் ஒரு குட்டி முள்ளெலியைப் பார்த்தோம். பால் வைக்கலாமா?

பால் வேண்டாம், அதன் வயிற்றுக்கு ஆகாது, பேதியாகும். இங்குள்ள முள்ளெலி நவம்பர் வாக்கில் இலைக்குவியலில் சுருண்டு வசந்தம் வரை உறங்கும். உறங்கும் அளவுக்குக் கொழுப்பு சேராத குட்டிதான் இந்தப் பருவத்தில் பகலில் அலையும். அது ஆபத்தில் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, உயரமான பெட்டியில் துண்டு விரித்து வையுங்கள். இறைச்சி கலந்த பூனை உணவும் தட்டையான கிண்ணத்தில் தண்ணீரும் போதும். பிறகு அருகிலுள்ள காட்டுயிர் மீட்பு நிலையத்தை அழையுங்கள்.

நவம்பர் 5 சொக்கப்பனை இரவுக்குக் கட்டைகளை அடுக்கிவைப்பவர்கள், கொளுத்துவதற்கு முன் வேறு இடத்துக்கு மாற்றி அடுக்க வேண்டும். மேலே சொன்ன இலைக்குவியலும் விறகுக்குவியலும் முள்ளெலிக்கு ஒன்றுதான்.

தீபாவளி வாரத்தில் வருகிறோம். மத்தாப்பு கொண்டுவரலாமா?

காட்டுக்குள் வேண்டாம். நெருப்பு மூட்டுவதையும் வெட்டவெளியில் அடுப்பு வைத்துச் சுடுவதையும் 2023 ஜூலையில் வந்த இன்னொரு உத்தரவு தடை செய்தது. வெடிச் சத்தத்தில் மிரண்ட குதிரை நேரே சாலைக்குத்தான் ஓடும். இனிப்பு கொண்டுவாருங்கள், பன்றிக்குக் கொடுக்காமல் நீங்களே சாப்பிடுங்கள்.

குதிரையில் வந்தவர்கள் குட்டிகளோடு குதிரைக்கூட்டத்தை விரட்டிக்கொண்டு போனார்கள். துன்புறுத்துகிறார்களா?

நீங்கள் பார்த்தது டிரிஃப்ட். கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர் காலம் வரை, காட்டைப் பகுதி பகுதியாக வளைத்து, குதிரைகளைப் பட்டிக்கு ஓட்டிவருவார்கள். அஜிஸ்டர்களும் காமனர்களும் சேர்ந்து செய்யும் வேலை. பட்டியில் ஒவ்வொன்றாகப் பிடித்து உடல்நிலை பார்ப்பார்கள், குடற்புழு மருந்து கொடுப்பார்கள், வால் வெட்டுவார்கள், இரவில் ஒளிரும் கழுத்துப்பட்டை மாட்டுவார்கள். குளிரைத் தாங்காது என்று தோன்றும் குதிரையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பதும் இங்கேதான். விற்பனைக்குரியவை லிண்ட்ஹர்ஸ்ட்டுக்கும் பியூலிக்கும் இடையிலுள்ள பியூலி ரோடு சந்தைக்குப் போகும். பிரித்த அன்று தாய்க்குதிரை கனைப்பதைக் கேட்பது எளிதல்ல. நானும் ஒருமுறை பாதியில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். ஆனால் பிறந்ததெல்லாம் காட்டிலேயே தங்கினால் குளிர்காலப் புல் எதற்கும் போதாது. டிரிஃப்ட் நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள், வழியில் குறுக்கிடாதீர்கள், காரை நிறுத்திவிடுங்கள். ஓடிவரும் கூட்டம் திரும்பாது.

இரவில் காரில் திரும்புகிறோம். விலங்கின்மேல் மோதிவிட்டால் என்ன செய்வது?

வேலியில்லாத சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 40 மைல். இருட்டில் அதுவும் அதிகம். கடிகாரத்தை மாற்றியபின், வேலைவிட்டு வீடு திரும்பும் நேரமும் இருட்டும் ஒன்றாக வந்துவிடுவதால் இந்த வாரங்கள் மோசமானவை. ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிவிட்டால், குதிரை, மாடு, கழுதை, பன்றி, ஆடு, நாய் எதுவானாலும் நிறுத்தியே ஆக வேண்டும். உரியவரிடம் விவரம் தர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இப்படிச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மான் இல்லை. ஆனாலும் மானுக்கும் அழையுங்கள். கால் ஒடிந்து புதருக்குள் போய்விட்ட மான் இறந்துபோக நாட்கள் ஆகலாம்.

காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தேசியப் பூங்காவில் வேட்டை அனுமதி உண்டா?

பூங்காவின் எல்லைக்குள் தனியார் பண்ணைகளும் எஸ்டேட்டுகளும் உண்டு. அங்கே ஃபெசன்ட் பறவைகளைச் சுடும் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கிப் பிப்ரவரி 1 வரை நடக்கும். பொதுப் பாதையைவிட்டு விலகாமல் நடந்தால் அச்சமில்லை.

நாங்கள் அங்கே வீடு வாங்கினால் எங்களுக்கும் பன்றி விட உரிமை கிடைக்குமா?

வீட்டைப் பொறுத்தது. குதிரைகளைப் பற்றிய பதிலில் சொன்னதுபோல், உரிமை மனிதருக்கு இல்லை, நிலத்துக்கு. அந்த நிலத்துக்கு மேய்ச்சல் உரிமை இருக்கலாம், பன்றி உரிமை இல்லாமல் இருக்கலாம். விறகு உரிமை மட்டும் இருக்கலாம். நீங்கள் எந்த நாட்டில் பிறந்தவர் என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வாங்குமுன் லிண்ட்ஹர்ஸ்ட்டிலுள்ள வெர்டரர்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள். காட்டின் மேய்ச்சல் உரிமைகளைக் காக்கும் மன்றம் அது; பத்துப் பேர், அதில் ஐவரைக் காமனர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

வாங்குமுன் இன்னொன்றையும் நினைத்துப்பாருங்கள். விடுமுறைக்கு வந்து தங்குவதற்காக வெளியூர்க்காரர்கள் வாங்கிவாங்கி, இங்கே வீட்டு விலை காமனர்களின் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. குதிரையும் பன்றியும் வளர்ப்பதில் வருமானம் சொற்பம். பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள். நள்ளிரவில் குதிரை அடிபட்டதாகச் செய்தி வந்தால் எழுந்து ஓட, அவர்கள் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். ஆகவே வாங்கினால் இங்கேயே வந்து வாழுங்கள், உரிமை இருந்தால் பயன்படுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போன்றவர்கள் எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள்.

வெர்டரர்கள் மன்றம் பெரும்பாலான மாதங்களில் ஒரு புதன்கிழமை காலை கூடும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். தொடக்கத்தில் அஜிஸ்டர் ஒருவர் எழுந்து வலக்கையை உயர்த்தி, முறையீடு உள்ளவர்கள் முன்வரலாம், கேட்கப்படும் என்று பழைய சொற்களில் உரக்க அழைப்பார். சுவர் முழுக்க மான் கொம்புகள் மாட்டிய அந்தக் கூடத்தில், போன அக்டோபரில் எனக்கு முன்வரிசையில் ஒருவர் சேறு காயாத பூட்ஸோடு எழுந்தார். தன் பகுதியில் இன்னும் கொட்டை விழுந்துகொண்டிருக்கிறது, பன்றிகளை இரண்டு வாரம் கூடுதலாக விட வேண்டும் என்று கேட்டார். குறித்துக்கொண்டார்கள்.